பதினேழாம் நம்பர் செருப்பு

ஒருவர் நெஞ்சில் எது கனக்கிறது என்பதை அவர் நடையை வைத்தே சொல்லிவிடலாம் என்று அங்கயற்கண்ணி கண்டுபிடித்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதும் அதே நான்கு வருடங்களில் தெளிவாகியிருந்தது. மருத்துவமனைக்காரர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரத்த அழுத்தம் காட்டுமா என்றார்கள். காட்டாது என்றாள். செருப்புக் கம்பெனிக்காரர்கள், இதைத் தெரிந்துகொண்டு நடக்கிறவன் என்ன செய்யப்போகிறான் என்று கேட்டார்கள். கடைசியில் அவளைத் தேடி வந்தது ஒரு சிற்பி. செத்தவர்களுக்கு வேண்டும் என்று கேட்டாள்.

அந்தச் சிற்பி ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. மதுரை ஆரப்பாளையத்தில் ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த மரகதம் டாக்கீஸை எடுத்து, நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே ஓர் எகிப்தியக் கல்லறையைக் கட்டியிருந்தாள். சரிந்து இறங்கும் குறுகலான பாதை. கருநீலக் கூரையில் மஞ்சள் நட்சத்திரங்கள். சுவர் முழுக்கப் படகுகள், வாத்துகள், கோதுமை அறுப்பவர்கள், திறக்காத கதவுகள். அடுத்தடுத்து ஐந்து அறைகள். கடைசி அறையில் ஆளுயரத் தராசு. அதைச் சுற்றிச் சாண் உயரத்தில் முந்நூறு மண்பொம்மைகள். பார்க்க வருகிறவர்கள் சொந்தச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அங்கே கொடுக்கும் பனையோலைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஓலைக்கு அடியில்தான் அங்கயற்கண்ணியின் நான்கு வருடங்கள் இருந்தன.

முதல் நாள், மத்தியானம் மூன்று மணி. அழைக்கப்பட்டவர்கள் அறுபது பேர். முன்பு புரொஜக்டர் இருந்த மாடி அறையில் கயல் உட்கார்ந்திருந்தாள். அங்கயற்கண்ணியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். படச்சுருள் ஓடிய காலத்தில் வெளிச்சம் போன சதுர ஓட்டை வழியாகக் கீழே வாசலைப் பார்க்க முடிந்தது. அங்கே அழகுமலை பேசிக்கொண்டிருந்தார். இதே தியேட்டரில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர். இப்போது செருப்பு கொடுக்கிறார். குரல் மட்டும் மாறவில்லை.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இது எகிப்து தேசத்துக் கல்லற. அந்தூர்ல ஒரு ஆளு செத்துட்டா சாமி முன்னாடி போயி நிக்கணும். தராசுல ஒரு தட்டுல இவன் நெஞ்ச வப்பாங்க, இன்னொரு தட்டுல ஒரு எறக வப்பாங்க. நெஞ்சு கனமா இருந்துச்சு, முடிஞ்சுது. பக்கத்துலயே ஒண்ணு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். மொதல மூஞ்சி, சிங்க ஒடம்பு. ஒரே முழுங்கு.”

“எங்களையும் முழுங்குமாண்ணே?” என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்.

“அது சிமிண்டு, தாயி. கரண்டு கூடக் குடுக்கல. இப்ப ஒங்க கால்ல இருக்க செருப்பு, நீங்க எந்தப் படத்துக்கு முன்னால தயங்கி நின்னீங்க, எதப் பாத்து விறுவிறுன்னு போனீங்க, எல்லாத்தையும் குறிச்சுக்கும். கடைசி ரூம்ல ஒருத்தர் ஒருத்தராத்தான் போகணும். பொம்ம பேசும். ஒரே ஒரு வார்த்த. ஒங்க நெஞ்சுல எது கனக்குதோ அது. வெளிய ஒரு பயலுக்குத் தெரியாது.”

“இன்டர்வல் உண்டாண்ணே?”

“கல்லறைக்கு ஏதுய்யா இன்டர்வல்.”

வெளியே ஒருவருக்கும் தெரியாது என்று அவர் சொன்ன இடத்தில் கயல் ஓட்டையிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டாள். அவள் முன்னால் இருந்த திரையில் ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பதினேழு.

மாடிப்படி ஏறி வந்த ஜெசிந்தா, மூச்சு வாங்குவதற்குள் அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா இது? பதினேழு மட்டும் தெரியுது?”

கயல் திரையைக் கையால் மறைத்தாள்.

“யாரு பதினேழு?”

“எங்க அக்கா.”

“வாசல்ல என்ன எழுதிப் போட்டிருக்கோம்? ஒங்க நெஞ்சுல உள்ளத நாங்க பாக்க மாட்டோம்னு கொட்ட எழுத்துல எழுதிப் போட்டிருக்கு. கீழ ஒங்க கையெழுத்தும் கெடக்கு.”

“தெரியும், ஜெசி.”

“அவகிட்டயே கேட்டா சொல்ல மாட்டாவளா?”

“கேக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் நாலு வருஷமா செருப்பு செஞ்சுக்கிட்டிருக்கேன்?”

ஜெசிந்தாவுக்குக் கோபம்தான். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. “இன்னைக்கு ஒருநாளுதான். சாயங்காலம் இத அடச்சிரணும். இல்லன்னா அந்த மொதலைக்குக் கரண்டு குடுத்து ஒங்களத்தான் மொத ஆளா நிப்பாட்டுவேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அக்காவின் பெயர் தடாதகை. தபால்காரரான அப்பா மீனாட்சியின் பெயர்களில் ஆளுக்கொன்றாகப் பெண்கள் இருவருக்கும் வைத்தார். திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற அக்காவைப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் தடா டீச்சர் என்பார்கள். ஏழு வருடங்களுக்கு முன்னால் கயல் நார்வேயில் ஓர் ஆராய்ச்சியில் இருந்தபோது அப்பா படுத்துவிட்டார். சின்னவளுக்குச் சொல்லாதே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருவாள் என்றார். அக்கா சொல்லவில்லை. எல்லாம் முடிந்து, சாம்பலைக் கரைத்த பிறகுதான் போன் செய்தாள். “எனக்கும் சேத்து நீயே அழுதுட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கயல் போனை வைத்தாள். அக்கா திரும்பக் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. முதல் மாதம் அது கோபமாக இருந்தது. அப்புறம் கூச்சமாக மாறியது. ஒரு வருடம் தாண்டியதும் அதற்குப் பெயரே இல்லாமல் போயிற்று. வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்தும் யாரும் நகர்த்தாத பழைய பீரோ மாதிரி அது பாட்டுக்கு நின்றது.

அக்கா நெஞ்சில் கனப்பது தன் மேல் உள்ள வெறுப்பா, வேறு ஏதாவதா? கயலுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். வெறுப்பு என்றால் தொந்தரவு செய்யாமல் விலகிவிடலாம். பதினேழு என்று எண் அச்சிட்ட அழைப்பிதழில் ஒரு வரிகூடத் தன் கையால் எழுதாமல் தபாலில் போட்டாள். வருவாள் என்று நம்பவில்லை.

மூன்றரைக்கு வந்தாள். குடை, கைப்பை, மூக்கின் நுனியில் கண்ணாடி. தலை பாதி நரைத்திருந்தது. அழகுமலை அழைப்பிதழின் எண்ணைப் பார்த்துப் பதினேழாம் ஜோடியை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பரீட்சைத் தாளைப் பார்க்கிற பார்வை. பிறகு குனிந்தாள். கயல் சட்டென்று திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

முதலில் தெரிந்தது எடை; முதல் அடியில் ஒரே ஒரு முறைதான் அது வரும். எழுபத்தெட்டு கிலோ. மேலிருந்து பார்க்க அவ்வளவு தெரியவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. சேலை மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் அறையில் வாத்துகளும் படகுகளும் பதினேழைத் தொடவே இல்லை. இரண்டாவது அறையில் நடை நின்றது. அங்கே ஒரு சுவர் முழுக்கக் கதவுகள். கல்லில் வரைந்த, எந்தக் காலத்திலும் திறக்காத கதவுகள். இறந்தவரின் உயிர் அதன் வழியாக வந்து போகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பதினேழு நகர்ந்தது. திரும்பி வந்தது. கடைசிக் கதவு வரை போனது. மறுபடி திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. நான்கு முறை. ஒவ்வொரு முறையும் இடது குதிகால் மட்டும் தரையில் அழுந்தியது. போகலாமா என்று கேட்டுக்கொள்கிற கால் அப்படித்தான் அழுந்தும். இதை எத்தனையோ பேர் காலில் கயல் அளந்திருக்கிறாள். தெரிந்தவர் காலில் அளந்ததில்லை.

மூன்றாவது அறைக்குள் நுழையும் இடத்தில் பதினேழு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஏழடி உயரத்தில், பச்சை முகத்தோடு, இறந்தவர்களின் அரசன் ஒசைரிஸ் நின்றுகொண்டிருந்தான். ஆறு நிமிடம். ஒரு விரல்கூட அசையவில்லை. வாசற்படியைத் தாண்டத் துணிவில்லாமல் அக்கா அங்கேயே நிற்கிறாள், அப்பாவை நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று கயலுக்குத் தெரிந்தது. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

கடைசி அறையில் பொம்மை பேச வேண்டிய வாக்கியம் திரையில் வந்தது. இருநூறு வாக்கியங்களை அவளும் ஜெசிந்தாவும் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று.

‘கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்கிறாய். அங்கேயும் ஒருவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.’

கயல் படிகளில் ஓடினாள். நாற்பத்தாறு வயதில் அப்படி ஓடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை அன்று அவள் கவனிக்கவில்லை.

தியேட்டரின் பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டாக இருந்த முற்றத்தில்தான் கல்லறை முடியும். அங்கே ஒரு வேப்பமரமும் டீக்கடையும் உண்டு. அக்கா மரத்தடியில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கயல் நேராகப் போய் எதிரில் நின்றாள்.

“நான் வந்திருக்கணும்க்கா. நீ சொல்லாட்டியும், அப்பறமாச்சும் வந்திருக்கணும்.”

“நான் கூப்புட்டிருக்கணும்டி” என்று அக்கா அதே நேரத்தில் சொன்னாள்.

பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார். ஏழு வருடத்து மௌனத்துக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். இதில் இருவர் உட்கார இடமிருந்தது.

“எளச்சுப் போய்ட்ட” என்றாள் அக்கா.

“நீதான்...” என்று ஆரம்பித்த கயல், எழுபத்தெட்டை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. முழுக்கைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் கல்லறையின் பின்வாசலில் நின்று ஜெசிந்தாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் பேங்க்ல வேல பாக்குறேன். ஒங்க பொம்ம என்னையப் பாத்து, ‘மருமகளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம்’னு சொல்லுது. எனக்குக் கல்யாணமே ஆகல.”

“அது ஒரு பொது அர்த்தத்துல சொல்லியிருக்கும், சார்” என்றாள் ஜெசிந்தா, கலைஞர்களுக்கே உரிய தைரியத்தோடு.

“பொது அர்த்தமா?” என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கேட்டார். வைர மூக்குத்தி, பட்டுச் சேலை. “எங்கிட்ட, ‘அவளுக்கும் உன்னைப் பிடிக்கும் என்பது உனக்கே தெரியும், கேட்டுத்தான் பாரேன்’னு சொல்லுச்சு. எனக்கு அறுபத்தாறு வயசு. நான் யாருகிட்டப் போயி என்னத்தக் கேக்க?”

இளைஞர் மெதுவாகத் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு யாரோ சிரிக்க, வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பின.

“அப்ப அந்த மருமக வார்த்த ஒங்களுதாம்மா” என்றார் இளைஞர், மரியாதையோடு.

“ஆமாய்யா” என்றார் அம்மாள். சற்றுப் பொறுத்து, “அது சரியாத்தான் சொல்லியிருக்கு. பொண்ணு யாரு? ஒங்க பேங்க்கா?”

இளைஞர் காது வரைக்கும் சிவந்தார்.

ஜெசிந்தா அழகுமலையைக் கூப்பிட்டாள். அவர் ஒளிக்கவில்லை.

“மூணாவது ரூம்ல செருப்பக் கழட்டிட்டுப் போகச் சொன்னேன். பின்ன? சாமி நிக்கிது.”

“அண்ணே, அது சாமி இல்ல. சிலை.”

“பச்ச மூஞ்சி வச்சிருக்கீங்க. இந்த ஊர்ல நம்மாத்தா மீனாட்சியும் பச்சதான். பச்சயா நிக்கிறவுக முன்னாடி செருப்புக் காலோட எப்படிப் போறது? எந்தூருச் சாமியா இருந்தா என்ன? நான் சொல்றதுக்கு முன்னாடியே பாதிப் பேரு கழட்டிட்டாய்ங்க. பூவும் வச்சிட்டாய்ங்க. இருட்டுல திரும்ப வரும்போது கையில கெடச்சதப் போட்டுக்கிட்டுப் போய்ட்டாய்ங்க. கல்யாண வீட்ல நடக்காததா?”

ஜெசிந்தா படியில் உட்கார்ந்து தலையைக் கைகளில் வைத்துக்கொண்டாள். அவளுடைய முந்நூறு பொம்மைகளும் இன்று ஒருவர் பாரத்தை வேறு யாரிடமோ சொல்லியிருந்தன. ஆனால் அவள் தலை நிமிர்ந்தபோது முற்றத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அறுபது பேரும் கூட்டம் கூட்டமாக நின்று, காதில் விழுந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். “யாருக்குங்க தம்பியோட மனஸ்தாபம்?” “யாரோ பரீட்சைல பாத்து எழுதியிருக்கீங்க, வீட்ல இன்னும் சொல்லலயாம்.” “எனக்கு வந்தது எனக்கும் பொருந்துது, குடுக்க மனசில்ல.” நெஞ்சில் உள்ளதைப் பார்க்க மாட்டோம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்த இடத்தின் பின்முற்றத்திலேயே இத்தனையும் நடந்தது. மனத்தில் இருப்பதைத் தானாகச் சொல்ல வாய் வராதவர்கள், அது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்றதும் வாங்கிக்கொள்ளக் கைநீட்டினார்கள்.

“நாளைக்கும் கழட்டச் சொல்லலாமாக்கா?” என்று ஜெசிந்தா கயலிடம் மெல்லக் கேட்டாள்.

கயல் காதில் அது விழவில்லை. செருப்புகள் மாறியிருந்தால் பதினேழும் மாறியிருக்கும். மூன்றாம் அறைக்கு அப்புறம் அது யார் காலில் போயிற்றோ, அந்த வாக்கியத்தில் யாருடைய நடையெல்லாம் கலந்ததோ. வாசலில் ஆறு நிமிடம் நின்றது வெறும் செருப்பு. அக்கா நெஞ்சில் என்ன இருக்கிறது என்று காலையில் தெரியாத மாதிரியே இப்போதும் தெரியாது. இந்த டீயும் இந்த மரத்தடியும் ஒரு தவறால் கிடைத்தவை. சொல்லாமல் விட்டால் இப்படியே இருக்கலாம். சொல்லாமல் விட்டதில் தொடங்கியதுதானே எல்லாம் என்றும் தோன்றியது.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். ஒன் செருப்பு என்ன சொல்லுதுன்னு நான் மேல இருந்து பாத்தேன். பாக்கக் கூடாது. பாத்தேன். அத நம்பித்தான் ஓடி வந்தேன். இப்பப் பாத்தா அது ஒன்னோடது இல்ல போலருக்கு. செருப்பு மாறிருச்சு.”

தடாதகை டம்ளரைக் கீழே வைத்தாள். கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள்.

“மாறலடி. நான் போடவே இல்ல.”

“என்னது?”

“ஒங்க அழைப்புலயே போட்டிருந்துச்சே, செருப்பு நடையப் படிக்கும்னு. நானும் இயற்பியல் நடத்துறவதான். என் தங்கச்சி செஞ்ச எந்திரத்துக்கிட்ட என் காலக் குடுக்க நான் என்ன கிறுக்கியா? கண்ணு சரியாத் தெரியல, தொணைக்கு வாங்கண்ணேன்னு சொல்லி, செருப்பு நீட்டுன அந்தப் பெரியவரயே போட்டுக்கச் சொல்லிட்டேன். நான் வெறுங்காலோட நடந்தேன்.”

“எழுவத்தெட்டு கிலோ...” என்றாள் கயல்.

“நானா? வாய்க்கொழுப்புடி ஒனக்கு.”

“அப்ப பொம்ம பேசினதக் கேட்டு ஏன் அழுத?”

வேப்பமரத்திலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கிய ஒரு பழுத்த இலையை அக்கா தோளிலிருந்து தட்டிவிட்டாள்.

“அத நீ எனக்குச் சொல்லி அனுப்புனதுன்னு நெனச்சேன்” என்றாள். “நேர்ல சொல்ல வராம, ஒரு மண்பொம்ம வாயில வச்சு அனுப்பியிருக்கன்னு நெனச்சேன். நீ சின்ன வயசுலருந்து அப்படித்தான்.”

கயலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருவருமே அந்த வாக்கியத்தை மற்றவருடையது என்று நினைத்துத்தான் வாய் திறந்திருக்கிறார்கள். தன்னுடையது என்று தெரிந்திருந்தால் இருவருமே சத்தமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

அழகுமலை பக்கத்தில் வந்து நின்றார். காலில் பனையோலைச் செருப்பு. அவர் மட்டும் தன் ஜோடியை மறக்காமல் ஓரமாகக் கழற்றி வைத்து, மறக்காமல் எடுத்துப் போட்டிருந்தார். எண் பதினேழு.

“டீச்சர், நான் செஞ்சது தப்புதானா? எனக்கும் அந்தக் கடைசி ரூம்ல ஒங்களோட நிக்கிறது சங்கடமாத்தான் இருந்துச்சு. ஒங்களுக்குச் சொன்னத நானும் கேட்டுப்புட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணே” என்றாள் கயல், முடிந்தவரை மெதுவாக. “யார் கால்ல இருக்கோ அவங்களுக்குத்தான் பொம்ம பேசும்.”

அழகுமலை குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இரண்டாவது அறையில் அந்தக் கதவுகளுக்கு முன்னால் தான் ஏன் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தோம் என்று யோசிப்பவர் போல இருந்தது.

“சீனிச்சாமி” என்றார் கடைசியில். “இங்க ஆப்பரேட்டரா இருந்தான். முப்பது வருசம் ஒரே தூக்குவாளிச் சோறு. தேட்டர மூடுற அன்னைக்கிக் கடைசி ஆட்டமா எந்தப் படத்த ஓட்டுறதுன்னு சண்ட. நான் எங்காளு படங்கிறேன், அவன் அவனாளு படங்கிறான். கடைசில எதையுமே ஓட்டல. ஒம்போது வருசம். வீடு வில்லாபுரத்துலதான். கூப்புட்டான்னா போயிருப்பேன்.”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அழகுமலை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தள்ளிப் பிடித்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். மனப்பாடமாக வைத்திருந்தார். வாக்கியங்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள் கூட ஏனோ பேச்சைக் குறைத்தார்கள்.

“டேய், நாந்தான். ஒண்ணுமில்ல. நம்ம தேட்டர்ல ஒரு சாமி வந்திருக்கு. பாக்க வர்றியா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழகுமலை போனைக் காதில் வைத்தபடி வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார்.

“சரி, மெதுவா யோசி” என்றார். “நான் வைக்க மாட்டேன்.”